வாங்கத் தெரியாத கை

எங்கள் சபையில் அக்டோபர் கடைசி ஞாயிறு சீர்திருத்தத் திருநாள். ஆராதனை முடிந்ததும் லுத்தரைப் பற்றிப் பேச என்னைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவன், குரலும் கொஞ்சம் எடுப்பாக இருக்கும். 1517-இல் விட்டன்பர்க்கில் அவர் எழுப்பிய கேள்விகளில் தொடங்கி, 1520-இல் எழுதிய 'கிறிஸ்தவனின் விடுதலை' என்ற சிறு நூலுக்கு வந்து சேருவேன். போப் பத்தாம் லியோவுக்கு ஒரு கடிதமும் சேர்த்து எழுதி வெளியிட்ட நூல் அது. விசுவாசத்தினால் ஒருவன் யாருக்கும் அடிமையில்லாதவனாகிறான், அன்பினால் அதே ஆள் எல்லாருக்கும் ஊழியக்காரனாகிறான் என்பது அதன் சாரம். கடவுளிடம் நல்ல பேர் வாங்க ஓடிக்கொண்டே இருந்தவனுக்கு இனி அந்த ஓட்டம் வேண்டாம் என்று தெரிந்துவிட்டால், அவனுடைய கையும் காலும் நேரமும் பக்கத்தில் இருக்கிறவனுக்கென்று மிச்சமாகின்றன. இதை நான் நன்றாகச் சொல்வேன். கேட்டுச் சிலர் கண் கலங்கியிருக்கிறார்கள்.

அப்படிப் பேசிய காலம் முழுவதும் நான் கட்டுண்டுதான் இருந்தேன். எதனால் கட்டுண்டிருக்கிறேன் என்பதும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

நான் வேளாளக் கிறிஸ்தவன். சாதியின் பேரைச் சொல்லாமல் இதை எழுதினால், பாதியை மறைத்துவிட்டு மீதியை அறிக்கை செய்ததாகிவிடும். எங்கள் முப்பாட்டன் காலத்தில் குடும்பம் ஆங்கிலிக்கன் சபையில் இருந்தது என்று வீட்டில் பெருமையாகச் சொல்வார்கள். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கவே கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். 1840-களில் ஜெர்மானிய லுத்தரன் மிஷன் தமிழ்நாட்டுக்குத் திரும்ப வந்து, சாதி விஷயத்தில் அவ்வளவு கண்டிப்புக் காட்டாமல் இருந்தது. நிறையக் குடும்பங்கள் அந்தப் பக்கம் போயின. எங்களுடையதும் அப்படிப் போனதுதான். லுத்தரின் விடுதலையைத் தேடி நாங்கள் லுத்தரன் ஆகவில்லை. எங்கள் வரிசையைக் காப்பாற்றிக்கொள்ள ஆனோம்.

அந்த வரிசையை நான் முதலில் கண்ணால் பார்த்தது ஒரு கிறிஸ்துமஸ் காலையில். கோயிலில் மணி அடிப்பவர் வீட்டிலிருந்து தட்டு வரும். அச்சு முறுக்கு, அதிரசம், இரண்டு வாழைப்பழம், மேலே வெள்ளைத் துணி. அவருடைய மனைவி கொண்டுவந்து கொல்லைப்புறத்து வாசலில் நிற்பார். அம்மா சிரித்த முகத்தோடு வாங்கி, பலகாரத்தைக் கொட்டிக்கொண்டு, தட்டில் எங்கள் வீட்டுப் பலகாரத்தை வைத்துக் கொடுத்தனுப்புவார். அந்த அம்மா தெருமுனை திரும்பியதும் அவர்கள் வீட்டு அதிரசம் மாட்டுத் தொட்டிக்குப் போகும். 'ஏன்' என்று கேட்டேன். 'நமக்கு ஒத்துக்காது' என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டுப் பலகாரத்தை அவர்கள் சாப்பிட்டார்கள், அவர்கள் வீட்டுடையது எங்கள் மாட்டுக்குப் போயிற்று. மணி அடிப்பவர் என் அப்பாவைவிட மூத்தவர். பத்து வயதில் நான் அவரை 'வா, போ' என்றுதான் கூப்பிட்டேன்.

அம்மா மேல் பழி போட்டுவிட்டு ஒதுங்க முடியாது. எனக்குக் கல்யாணமாகி, நானும் தலைமையாசிரியராகி, வீட்டில் மாடு இல்லாமல் போன பிறகும் அந்தத் தட்டு வந்துகொண்டுதான் இருந்தது. நாங்கள் அதை வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்தோம். 'சர்க்கரை இருக்கு, இனிப்பெல்லாம் சேராது' என்று எனக்கொரு காரணம் கிடைத்திருந்தது. வேறு வீடுகளிலிருந்து வந்த அதிரசம் மட்டும் எப்படியோ சேர்ந்தது.

இதற்கு நடுவில் நான் நிறையக் கொடுத்துக்கொண்டிருந்தேன், அதையும் சொல்ல வேண்டும். மணி அடிப்பவர் இருந்த தலித் தெருவின் பிள்ளைகளுக்கு மாலையில் இலவசமாகப் பாடம் எடுத்தேன். பரீட்சைக் கட்டணம் கட்டினேன். கல்லூரிக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை காரணமாகத் தலித் கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிக்குரிய உரிமை கிடையாது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவர்களுக்குத் திறக்கவில்லை. இதைக் கண்டித்து நடந்த கூட்டங்களில் நான் பேசியிருக்கிறேன், மனுக்களில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதையெல்லாம் அன்பு என்றுதான் நம்பினேன். கொடுக்கிறவன் கை எப்போதும் மேலே இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து இறங்க வேண்டிய அவசியம் ஒரு நாளும் எனக்கு வரவில்லை. அவர்களிடமிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூட நான் வாங்கிக் குடித்ததில்லை.

மாலைப் பாடத்துக்கு வந்தவர்களில் மணி அடிப்பவரின் மகனும் ஒருவர். படிப்பில் அப்படியொரு பசி. என் அலமாரியிலிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போவார், படித்துவிட்டு வந்து சண்டை போடுவார். பிறகு அவரும் ஆசிரியரானார். வேலை முடிந்து சாயங்காலம் என் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடுவார். செய்தித்தாள், பள்ளிக்கூட அரசியல், சபைக் குருவான ஐயர் அன்று செய்த பிரசங்கம் என்று பேச்சு எட்டு மணிவரை போகும். எங்கள் ஊரில் நான் மனம்விட்டுப் பேசிய ஒரே ஆள் அவர்தான். என் சொந்த மகனிடம்கூட அப்படிப் பேசியதில்லை. வேலை கிடைத்தபோது, வீட்டைக் கட்டி முடித்தபோது, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது என்று ஒவ்வொரு தடவையும் 'வீட்டுக்கு வாங்க சார்' என்று கூப்பிட்டார். நான் ஆசீர்வாதமும் அன்பளிப்புக் கவரும் கொடுத்தேன். போகவில்லை. இவ்வளவு பிரியம் இருந்தும் நடந்து போனால் சில நிமிஷத்தில் எட்டிவிடும் அந்த வீட்டுக்கு என் கால் போகவில்லை. என் மைத்துனர் பார்ப்பார், என் அக்கா வீட்டில் பேசுவார்கள், மகளுக்கு வரன் பார்க்கும்போது யாராவது ஞாபகம் வைத்திருந்து சொல்வார்கள். இதுதான் நான் கட்டுண்டிருந்த கயிறு.

இனி எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமானது.

எங்கள் கல்லறைத் தோட்டத்தில் கோயிலை ஒட்டிய மேட்டுப் பகுதி எங்கள் குடும்பங்களுடையது. வாய்க்காலோரத்துத் தாழ்ந்த பகுதி அவர்களுடையது. எந்தப் புத்தகத்திலும் எழுதப்படாத ஏற்பாடு இது. டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தத் தாழ்வில் மண்வெட்டி போட்டால் தண்ணீர்தான் ஊறும். அப்படியொரு கார்த்திகையில் மணி அடிப்பவரின் மனைவி இறந்துபோனார், வருஷா வருஷம் எங்கள் கொல்லை வாசலுக்குத் தட்டு கொண்டுவந்த அதே அம்மா. அப்போது நான் சபைக் கமிட்டியின் செயலாளர். விடிகாலையில் மகன் ஒரு கடிதத்தோடு வந்தார். குழியில் தண்ணீர் நிற்கிறது, இந்த ஒரு தடவை மேட்டில் இடம் கொடுங்கள் என்று எழுதியிருந்தார். உரிமை கேட்டு எழுதப்பட்ட கடிதமல்ல அது. அம்மாவைத் தண்ணீருக்குள் இறக்க மனம் வராத பிள்ளையின் கடிதம்.

அவரைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போய் இரண்டு பேருக்கு போன் செய்தேன். 'இன்னிக்கு ஒண்ணு, நாளைக்கு ஒம்பது' என்றார் ஒருவர். மற்றவர், 'உங்க அப்பா படுத்திருக்கிற இடம், பாத்துக்குங்க' என்றார். கமிட்டியின் தாளை எடுத்து, மேட்டுப் பகுதி ஏற்கெனவே குடும்பங்களுக்கு ஒதுக்கப்பட்டிருப்பதால் கோரிக்கையை ஏற்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கிப் படித்தார்.

'இது உங்க முடிவா சார்?'

'கமிட்டி முடிவு, தம்பி.'

கமிட்டி கூடவே இல்லை.

அடக்கத்துக்கு நானும் போனேன். வாளியால் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தார்கள். பெட்டியை இறக்கும்போதும் ஊறியது. நான் மேட்டில் குடையோடு நின்றேன். என் காலடி காய்ந்திருந்தது. உயிர்த்தெழுதலைப் பற்றி ஐயர் வாசித்தபோது, எல்லாரோடும் சேர்ந்து நானும் 'ஆமென்' சொன்னேன்.

அன்றைக்குப் பிறகும் எதிரில் பார்த்தால் அவர் வணக்கம் சொல்வார். திண்ணைக்கு மட்டும் வரவில்லை.

எனக்கு நானே ஒரு சமாதானம் தயாரித்தேன், அதுவும் லுத்தரை வைத்தே. விடுதலை ஆத்துமாவுக்குரியது, உடம்பு எங்கே புதைக்கப்பட்டால் என்ன, மேடும் பள்ளமும் கர்த்தருக்கு ஒன்றுதானே. சொல்லச் சொல்ல அழகாகத்தான் இருந்தது. லுத்தரே இந்த இடத்தில் தவறியவர் என்பது வரலாறு படித்த எனக்குத் தெரியும். 1525-இல் ஜெர்மானியக் குடியானவர்கள் மெம்மிங்கனில் கூடிப் பன்னிரண்டு கோரிக்கைகளை எழுதினார்கள். கிறிஸ்து தம் இரத்தத்தால் எல்லாரையும் மீட்டிருக்கும்போது நாங்கள் மட்டும் எப்படி அடிமைகளாக இருக்க முடியும் என்று அதில் கேட்டார்கள். அவர்கள் கலகத்தில் இறங்கியதும், விடுதலையைப் பற்றி எழுதிய அதே பேனா அவர்களை வெட்டிச் சாய்க்கும்படி பிரபுக்களுக்கு எழுதியது. வருஷா வருஷம் லுத்தரைப் பற்றிப் பேசிய நான் 1520-ஓடு நிறுத்திக்கொள்வேன். 1525-க்கு ஒரு தடவையும் போனதில்லை.

கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தையும் நான் இப்படித்தான் கையாண்டிருந்தேன். விடுதலைக்கு அழைக்கப்பட்டிருக்கிறீர்கள், அதை அன்பினால் ஒருவருக்கொருவர் ஊழியம் செய்யப் பயன்படுத்துங்கள் என்று பவுல் சொல்லும் ஐந்தாம் அதிகாரம் எனக்கு மனப்பாடம். இரண்டாம் அதிகாரத்தை வேகமாகக் கடந்துவிடுவேன். அந்த விடுதலைப் பேச்சு முழுவதும் புறப்படுவது ஒரு சாப்பாட்டுப் பந்தியிலிருந்து. அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்ததும், அவர்களுக்குப் பயந்து எழுந்து ஒதுங்கிக்கொண்டார். பேதுருவின் கொள்கை மாறிவிடவில்லை, சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அவரைப் பார்த்து மற்றவர்களும் ஒதுங்கினார்கள், பர்னபாகூட. எல்லார் முன்னிலையிலும் பவுல் அவரை முகத்துக்கு முகம் கண்டித்தார். பந்தியிலிருந்து எழுந்து போகிறவன் நற்செய்தியின் பாதையிலேயே நடக்கவில்லை என்பது பவுலின் வாதம். மழை விட்ட ஒரு ராத்திரியில் இந்த அதிகாரத்தைத் திரும்பப் படித்தேன். திண்ணை காலியாக இருந்தது. எருசலேமிலிருந்து வந்த ஆட்களாக என் அக்காவும் மைத்துனரும் தெரிந்தார்கள்.

எங்கள் பக்கத்து வரலாற்றிலும் இதே பந்திதான். 1706-இல் லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார், சில வருஷங்களில் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது. தஞ்சாவூர் ராஜாவின் படையில் இருந்த ராஜநாயக்கன் என்ற பறையர் குலத்து வீரர் அப்படி அச்சான சுவிசேஷங்களைப் படித்துத்தான் 1720-களில் மிஷனரிகளைத் தேடி வந்தார். உபதேசியாராகித் தஞ்சை வட்டாரத்தில் சபையைக் கட்டி வளர்த்தார், அடியும் பட்டார். ஆனால் குருப்பட்டம் 1733-இல் வேளாளரான ஆரோனுக்குக் கிடைத்தது, 1741-இல் தியோகுவுக்குக் கிடைத்தது. ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை இல்லை. அவர் கையிலிருந்து மேல்சாதியார் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகளே தயங்கினார்கள். கிறிஸ்துவின் சரீரம் என்று சொல்லித் தரப்படும் அப்பமே, அவர் கையிலிருந்து வந்தால் எங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கும். அப்பத்துக்கு வந்த கதிதான் அதிரசத்துக்கும் வந்தது. இதைப் படித்துத் தெரிந்துவைத்திருந்த நான்தான் அந்தத் தட்டை வேலைக்காரப் பெண்ணிடம் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். அறிவு என்னை அவிழ்த்துவிடவில்லை.

என்னைக் கடைசியில் அந்த வீட்டுக்கு நடக்கவைத்தது நியாய உணர்வு என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மை அப்படி இல்லை. எனக்கு அவரைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு புத்தகத்தைப் படித்து முடித்தால் சண்டை போட ஆள் இல்லை. சாயங்காலம் ஆனால் கண் தெருவைப் பார்த்தது. அந்தத் தவிப்பு, பயத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒரு நாளில் கிளம்பிவிட்டேன். பயம் போனபிறகு போகலாம் என்று காத்திருந்தால் இன்றுவரை போயிருக்க மாட்டேன்.

வாசலில் மணி அடிப்பவர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். 'உக்காருங்க ஐயா' என்றேன். அவரை அப்படி நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. மகன் உள்ளேயிருந்து வந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன்.

'அன்னிக்குக் கமிட்டி கூடலை தம்பி. அது என் முடிவு.'

'தெரியும் சார். அன்னிக்கே தெரியும்.'

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. மன்னிக்கும்படி கேட்டேன்.

'மன்னிச்சுட்டேன் சார். ஆனா மழை வந்தா அங்க தண்ணி நிக்குது.'

இந்தப் பதிலுக்கு மேல் ஒரு பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. மன்னிப்பை வாங்கிக்கொண்டு இலேசான மனசோடு வீட்டுக்குத் திரும்பிவிடும் வழியை அவர் எனக்கு அடைத்துவிட்டார்.

அவருடைய மனைவி டீயும் பருப்பு வடையும் கொண்டுவந்தார். தம்ளரை வாங்கும்போது என் கை நடுங்கியது. தெருவில் ஒரு பைக் போனது, என் மைத்துனரோ என்று கழுத்து தானாகத் திரும்பியது. அந்த வயதிலும், அந்த மன்னிப்புக்குப் பிறகும் அப்படித்தான் திரும்பியது. குடித்தேன். வடையையும் தின்றேன். சமாரியாவில் கிணற்றடியில் உட்கார்ந்து, தொடக்கூடாதவள் என்று யூதர் ஒதுக்கிய பெண்ணிடம் இயேசு தண்ணீர் கொடு என்று கேட்டது அப்போதுதான் எனக்குள் இறங்கியது. ஜீவத்தண்ணீரைக் கொடுக்க வந்தவர் முதலில் அவளிடம் கை நீட்டுகிறார். நான் வாழ்நாளெல்லாம் அந்தக் கதையில் அவர் கொடுத்ததை மட்டுமே பேசியிருந்தேன்.

பிறகு நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. செய்தி நான் வீடு வந்து சேருமுன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அக்கா சில மாதங்கள் பேசவில்லை. மைத்துனர் ஒரு கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்பி, நேரில் வந்து அழைக்காமல் விட்டார். 'உங்களுக்குன்னா சரிங்க, பொண்ணு இருக்காளே' என்று என் மனைவி அழுதாள். அவளும் இப்போது அந்த வீட்டுக்குப் போய்வருகிறாள், ஆனால் அந்த அழுகையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. வரன் பார்க்கையில் 'நம்ம ஆளுங்களா' என்ற கேள்வி என் வாயிலிருந்தே இன்னும் வருகிறது. வந்த பிறகு நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். முழுக்க அவிழ்ந்துவிட்டேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும்.

ஆனால் ஒன்று உண்மையாகவே அவிழ்ந்திருக்கிறது. முன்பெல்லாம் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், எந்தப் பந்தியில் உட்கார்ந்தாலும் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். யார் பக்கத்தில் உட்கார்வது, யார் கையால் வாங்குவது, அதை யார் பார்ப்பது. சிறு வயதிலிருந்து ஓடிய கணக்கு என்பதால், அது ஓடுவதே தெரியாமல் இருந்தேன். இப்போது சில நாட்கள் அது ஓடுவதில்லை. அந்த நாட்களில் எதிரே இருக்கிற ஆளை, அவர் முகத்தை, அவர் சொல்வதை என்னால் முழுசாகப் பார்க்கவும் கேட்கவும் முடிகிறது. கடவுளிடம் நல்ல பேர் வாங்க ஓடுவதை நிறுத்தினால் கை மிச்சமாகும் என்று லுத்தரை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் ஓடிக்கொண்டிருந்தது கடவுளிடம் பேர் வாங்க அல்ல, என் சாதிசனத்திடம் வாங்க. ஒரு மாணவர் மேல் வைத்த பிரியம்தான் அந்த ஓட்டத்தில் என் காலைப் பிடித்து நிறுத்தியது.

இப்போது நான் செயலாளர் இல்லை, கமிட்டியில் உறுப்பினன் மட்டும். வரும் மாதக் கூட்டத்துக்கு ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். கல்லறைத் தோட்டத்தில் குடும்பத்துக்கென்றோ தெருவுக்கென்றோ இனி பகுதி கிடையாது. இறப்பு நேரும் வரிசைப்படி மேட்டிலேயே இடம். தாழ்ந்த பகுதிக்கு மண் அடித்து உயர்த்தி, வாய்க்காலோரம் கரை கட்டவும் சபைப் பணம். எதிர்ப்பவர்களில் பாதிப்பேர் என் சொந்தக்காரர்கள். அவர்கள் என்ன வாதம் வைப்பார்கள் என்பது எனக்குத் தெரியும், அவற்றில் சிலவற்றை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான். கூட்டத்துக்கு வருவீர்களா என்று மாணவரைக் கேட்டேன். 'ஜெயிச்சா சொல்லுங்க சார், அப்பாவைக் கூட்டிட்டு வர்றேன்' என்றார்.

தீர்மானத்தை வாசிப்பதற்கு முன்னால் ஒன்றைப் பதிவு செய்யும்படி கேட்கப்போகிறேன். அந்தக் கார்த்திகை மாதக் கடிதத்துக்காகக் கமிட்டி கூடவில்லை, அதை எழுதியவனும் கையெழுத்துப் போட்டவனும் நான்தான் என்று மினிட் புத்தகத்தில் எழுதவேண்டும். தீர்மானம் தோற்றாலும் அது அங்கே இருக்கட்டும்.